பெயர் கேட்காமல் விட்டுவிட்ட அந்த அக்காவுக்கு

நேர்காணலுக்குப் போன இடத்தில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, மன்னித்துவிடுங்கள்.

உள்ளே என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெயரைப் படித்தார்கள், முக்காட்டைப் பார்த்தார்கள், "வாடிக்கையாளர்கள் சங்கடப்படுவாங்க, வேலைக்கு வரும்போது இதை எடுத்துடுவீங்களா?" என்றார்கள், அப்புறம் கல்யாணம் எப்போது என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். வெளியே வந்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை (அதுவே பெரிய உதவி). உங்கள் கோப்பின் பின்னட்டையைக் கிழித்துப் பேனாவோடு நீட்டி, "தேதி, நேரம், யார் யார் இருந்தாங்க, என்ன வார்த்தை சொன்னாங்க, மறக்குறதுக்குள்ள அப்படியே எழுதும்மா" என்றீர்கள்.

பெண் என்பதாலா, சிறுபான்மை என்பதாலா என்று நான் குழம்பியபோது, இரண்டும் சேர்ந்து ஒரே அடியாகத்தான் விழும் என்றீர்கள். இதற்கு 1989-இல் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட அறிஞர் ஒரு பெயரே வைத்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். மதம், பாலினம் பார்த்து வேலையில் பாகுபாடு கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆவது உடன்படிக்கை 1958-லேயே சொல்லிவிட்டது என்பதும் அப்படித் தேடியபோதுதான் தெரிந்தது.

சரி, புகார் கொடுத்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அந்த அட்டைத் துண்டு பத்திரமாக இருக்கிறது, உங்கள் பேனாவும் என்னிடம்தான் இருக்கிறது அக்கா.