மீன்குஞ்சு விடுமுன் குழிகளைச் சரிசெய்யுங்கள்

கொள்ளிடம் ஆற்றுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த ஆற்றில் எங்கெங்கே மணல் குவாரி நடந்தது, எவ்வளவு ஆழம் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கோப்புகள் உங்களிடம்தான் இருக்கின்றன. குவாரியை மூடிய பிறகு ஆற்றுக்குள் நடப்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சென்ற வெள்ளத்தின்போது எங்கள் ஊர்ப் படித்துறையில் மீன்குஞ்சுகளை விட்டார்கள். ஆற்று மீனவர்களான நாங்களும் சந்தோஷமாகத்தான் கூட நின்றோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் ஷட்டரை இறக்கியதும் தண்ணீர் வடிந்துவிட்டது. குஞ்சுகள் பழைய குவாரிக் குழிகளில் மாட்டிக்கொண்டன. குழித் தண்ணீர் பாசி பிடித்துச் சூடேறி, அவ்வளவும் செத்து மிதந்தன. கூடவே பெரிய மீன்களும். நாற்றம் ஊருக்குள் வந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

“கொள்ளிடம் வெள்ள வடிகால்தானே, தண்ணீர் வடிந்தால் மீன் சாகத்தான் செய்யும்” என்று ஒரு அலுவலர் சொன்னார். ஐயா, முன்பும் தண்ணீர் வடியத்தான் செய்தது. ஆனால் மடுக்கள் இருந்தன. மடுவைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலே மணல், அந்த மணலுக்குள் நீர். கோடையிலும் ஊற்று சுரந்து மடு குளிர்ச்சியாகக் கிடக்கும், அடுத்த வெள்ளம் வரை மீன் அதில் பிழைத்துக்கொள்ளும். குவாரிக் குழிக்கு அந்த ஊற்று கிடையாது. களி தட்டும்வரை வழித்து எடுத்த இடம் அது. பொக்லைன் வெட்டிய கரை சுவர்போல நிற்கிறது. தண்ணீர் வடியும்போது கூடவே ஓடித் தப்பிக்க மீனுக்கு வழியில்லை. அயிரையும் ஆரலும் மணலுக்குள் புதைந்து வாழ்பவை, களிமண்ணில் அவை எங்கே போகும்? இன்று எங்கள் வீட்டிலேயே அயிரையைக் காசு கொடுத்து வாங்கித்தான் குழம்பு வைக்கிறோம்.

ஆற்றோரத் தாழ்நிலமான படுகையின் நிலையும் இதுதான். ஆற்றின் மட்டம் இறங்கிவிட்டதால் படுகை வாய்க்கால்களின் வாய் மேலே தொங்குகிறது. புதுத் தண்ணீரில் எதிரேறி வரும் கெண்டை, கோரைக்குள் புகுந்து முட்டை போட இடம் தேடும். நடுத்தர வெள்ளம் இப்போது வாய்க்காலுக்குள் ஏறுவதே இல்லை. போதாக்குறைக்கு, லாரி போவதற்காக ஆற்றின் குறுக்கே கொட்டிய செம்மண் பாதைகளை யாரும் அள்ளவில்லை.

ஆறு தானாகச் சரியாகிவிடும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1934 முதல் மேலிருந்து வரும் மணலை மேட்டூர் அணை பிடித்துவைத்துக்கொள்கிறது. எடுத்த அளவுக்கு மணல் எங்கிருந்து வரும்?

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. ஆற்று மணல் போனதும் ஒரு காரணம் என்று பலரும் அப்போதே பேசினார்கள். புதுக் கதவணைக்குக் கோடிக்கணக்கில் பணம் கிடைத்தது, கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஆற்றில் அழிந்த மீனுக்கும் அதை நம்பிய எங்களுக்கும் எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை. 2003 முதல் அரசே குவாரிகளை எடுத்து நடத்தியது. விற்ற மணலுக்குக் கணக்கு உண்டு, விட்டுப்போன குழிக்குக் கணக்கு உண்டா? மனுவோடு போனால் ஓர் அலுவலகத்தில் “மீன் எங்களிடம் இல்லை” என்கிறார்கள். அடுத்த அலுவலகத்தில் “ஆறு எங்களிடம் இல்லை” என்கிறார்கள். இப்படி அலைந்தே எங்கள் பிழைப்பு போகிறது.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது செய்யக்கூடிய காரியம்தான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் யாங்கி ஃபோர்க் என்ற ஆற்றை 1940 முதல் 1952 வரை தங்கத்துக்காக இயந்திரம் வைத்துப் புரட்டிப்போட்டு, மைல் கணக்கில் கூழாங்கல் மேடுகளாக விட்டுப்போனார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, ஷோஷோனி-பானாக் பழங்குடியினரும் அரசு அமைப்புகளும் சேர்ந்து அங்கே கிளைக் கால்வாய்களைத் திரும்ப ஆற்றோடு இணைத்து, சால்மன் மீனுக்கு இடம் செய்துகொடுத்தார்கள்.

வேறிடத்து மணலை அள்ளி வந்து நிரப்பச் சொல்லவில்லை. அது இன்னொரு ஊரின் ஆற்றைக் கெடுக்கும். குழிகளின் செங்குத்துக் கரையைச் சரிவாக வெட்டுங்கள். குழிக்குக் குழி தாழ்வான ஓடை இழுத்து நீரோட்டத்தோடு சேருங்கள். செம்மண் பாதைகளை அகற்றுங்கள். படுகை வாய்க்கால்களின் வாயை இன்றைய ஆற்று மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காகவே 2015 சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து இதற்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். குழிகளைச் சரிசெய்த பிறகு மீன்குஞ்சு விடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஆடி வெள்ளம் வருமுன், ஆறு காய்ந்து கிடக்கும்போதே ஒருநாள் நேரில் வந்து பார்க்க வேண்டுகிறோம். எந்தக் குழியில் எவ்வளவு நாள் தண்ணீர் நிற்கும், எந்த வாய்க்காலில் மீன் ஏறும் என்று கூடவே நடந்து காட்ட எங்கள் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கொள்ளிடக் கரை ஆற்று மீனவர்களில் ஒருவன்