சென்சாரைக் கழற்றிக் கொடுத்த ரிக் வண்டி அண்ணாவுக்கு

போன வாரம் திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் நானும் அப்பாவும் பழைய காரோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து, போர்வெல் போடும் ரிக் லாரியிலிருந்து இறங்கி வந்தீர்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

செக் என்ஜின் லைட் அணையவே இல்லை. மைலேஜ் சரிவு, புகையில் பெட்ரோல் வாடை. ஸ்கேன் செய்ததில், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் போயிருந்தது. புதுசு வாங்கியாச்சு, ஆனால் பழையது துருப்பிடித்து அசையவில்லை. ஒரு பட்டறையில், அது மாட்டியிருக்கும் புகைக்குழாய்ப் பகுதியான மேனிஃபோல்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் எதுவும் கேட்கவில்லை. நீங்களே மரையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டீர்கள். "ஏனுங்க அம்மிணி, இரும்பு ஆறியிருந்தா விடாதுங்க, வண்டிய கொஞ்சம் ஓட விடுங்க" என்றீர்கள். அப்புறம் ஒயர் நுழைய வெட்டு விட்ட 22 எம்.எம். சாக்கெட்டை மாட்டி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி... கிரீச்சென்று ஒரு சத்தம். வந்துவிட்டது! நுனி முழுக்கக் கரி.

புதுசை மாட்டும்போது காட்டிய பக்குவம் இருக்கிறதே. மறுபடி இறுகிப் பிடிக்காமலிருக்க மரையில் மட்டும் பேஸ்ட்டைத் தொட்டு வைத்தீர்கள், நுனியில் பட்டால் சென்சார் கெட்டுவிடும் என்று. அப்பா நீட்டிய பணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேர்கூடக் கேட்காமல் விட்டோம்.

இப்போது லைட் எரிவதில்லை, வாடையும் இல்லை. ரொம்ப நன்றிங்க அண்ணா. உங்கள் சாக்கெட் எங்கள் டிக்கியிலேயே தங்கிவிட்டது. அந்தக் கடையில் கொடுத்து வைத்திருக்கிறோம், அந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.