இது வெள்ளைக்காரரா, தாத்தா?

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் மறந்துவிடாதே. உன் மறதி எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் வழிகாட்ட வந்த வெள்ளை நிற ரோபோவைப் பார்த்து உன் பேத்தி "இது வெள்ளைக்காரரா, தாத்தா?" என்று கேட்டதைச் சிரிப்பாக எழுதியிருந்தாய். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டு நாளாக அதே நினைப்பு.

முதலில் சுலபமான பதில்தான் தோன்றியது. வெள்ளை என்றால் சுத்தம், ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வந்த வழி. ஹோண்டா 2000-இல் காட்டிய மனித உருவ ரோபோ அசிமோ, அப்புறம் நாவோ, பெப்பர் என்று வந்த ரோபோக்கள் எல்லாம் அந்த வரிசைதானே, இதில் இனத்தை இழுப்பானேன்?

பிறகு நியூசிலாந்தில் கிறிஸ்டோஃப் பார்ட்னெக்கும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். திரையில் ஓர் உருவம் சட்டென்று வரும். கையில் துப்பாக்கி இருந்தால் சுட வேண்டும், வேறு பொருள் இருந்தால் விட்டுவிட வேண்டும். கறுப்பின மக்கள் மீதான சாய்வை அளக்க அமெரிக்காவில் உருவான சோதனை அது. இவர்கள் மனிதர்களோடு நாவோ ரோபோவையும் சேர்த்து, அதற்கு வெளிர்த்தோல் நிறமும் கருந்தோல் நிறமும் ஏற்றிக் காட்டினார்கள். நிராயுதபாணியான வெள்ளை ரோபோவை 'சுடாதே' என்று விரல் சீக்கிரம் முடிவெடுத்தது; கறுப்பு ரோபோவுக்குத் தாமதித்தது. மனிதர்களிடம் நடந்ததே பிளாஸ்டிக்கிடமும்! இந்த ரோபோ என்ன இனம் என்று கேட்டபோது, 'பொருந்தாது' என்று சொல்ல வழியிருந்தும் பெரும்பாலோர் ஏதோ ஓர் இனத்தைக் குறித்தார்கள். உன் பேத்தி வாய்விட்டுக் கேட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் மொழியில் மட்டும் என்ன, 'நல்ல நிறம்' என்றால் எந்த நிறம் என்று யாராவது கேட்கிறோமா?

சரி, கறுப்பு அடித்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் நடந்திருக்கிறது. 1930-இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் கறுப்பின வேலையாள் தோற்றத்தில் ரப்பர் தோல் போர்த்தி ஒரு ரோபோ செய்தது. பெயர் ராஸ்டஸ், கறுப்பின மக்களை ஏளனம் செய்யும் பெயர். அதன் தலையில் ஆப்பிளை வைத்துக் குறிபார்த்து வேடிக்கை காட்டினார்கள். படித்ததும் வயிற்றைப் புரட்டியது. ரோபோ என்ற சொல்லே கட்டாய உழைப்பைச் சொல்லும் செக் சொல்லிலிருந்து வந்ததுதானே. ஏவல் செய்யும் உருவத்துக்கு எந்தத் தோலைப் போர்த்தினாலும் உறுத்தும் போலிருக்கிறது.

ஒரு வேடிக்கை: 2019-இல் அதே குழுவினர் பழுப்பு ரோபோக்களையும் நடுவில் கலந்தபோது அந்தச் சாய்வே காணாமல் போயிற்று. ஏனென்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டே நிறம் இருந்தால்தான் மனசு கட்சி பிரிக்குமோ?

தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் மஞ்சள், ஆரஞ்சு இயந்திரக் கைகளிடம் யாரும் இனம் கேட்பதில்லை. முகம் வைத்ததும்தான் வம்பு.

அதிருக்கட்டும், பேத்திக்கு என்ன பதில் சொன்னாய்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாயே.

அன்புடன்,
ராமு