வெற்றிடத்தை நிரப்ப யாருக்கு அதிகாரம்?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வார்ட் பிளேஸில் உங்கள் மேசைக்கு வரும் கோப்புகளில் ஒருவகைக் கோப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: விரிவுரையாளர் வெற்றிடம்.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழக நிர்வாகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். தமிழ் மொழிமூலத்தில் ஒரு பாடத்துக்கு இருந்த ஒரேயொரு நிரந்தர விரிவுரையாளர் கலாநிதிப் படிப்புக்கு வெளிநாடு போனார். விரிவுரைகளை வருகைதரு விரிவுரையாளர் ஒருவரை வைத்து ஒருவாறு ஒப்பேற்றினோம். பரீட்சை முடிந்த பிறகுதான் வில்லங்கம். விடைத்தாள்களை இரண்டாம் தடவை திருத்தத் தமிழில் ஆளில்லை. விடைத்தாள் கட்டை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்ப வேண்டும். அங்குள்ளவர் தன் மாணவர்களின் தாள்களை முடித்துவிட்டே இதைத் தொடுவார். அவரில் பிழையில்லை. அந்த ஒரு கட்டு வரும்வரை சிங்கள மொழிமூல மாணவர்களின் பெறுபேறும் சேர்ந்தே கிடந்தது. ஏச்சு விழுந்ததோ பீடாதிபதிக்கு.

போனவர் திரும்பவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அப்படிப் பலர். ஆனால் அனுமதிக்கப்பட்ட ஆளணியில், அதாவது பதவி எண்ணிக்கைக்குள், இருக்கும் பதவியை நிரப்பவும் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவை, ஆணைக்குழு, முகாமைத்துவ சேவைகள் திணைக்களம், திறைசேரி என்று கோப்பு அலைகிறது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் துணைவேந்தரைப் பிரதான நிறைவேற்று அலுவலர் என்கிறது. நிறைவேற்ற அவர் கையில் என்ன இருக்கிறது? 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் இழுபட்டபோதும் இதே கதைதான்: சம்பளக் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் அதிகாரம் எந்தத் துணைவேந்தருக்கும் இருக்கவில்லை.

அதிகாரத்தைக் கொடுத்தால் வேண்டியவர்களுக்கு வேலை கொடுப்பார்கள் என்பீர்கள். பயம் நியாயமானதே, நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு நியமனங்களைக் கணக்காய்வு செய்யுங்கள், முறைகேடு செய்த பேரவையைக் கேள்வி கேளுங்கள். கோப்பை முடக்கி வைப்பதால் நேர்மை வந்துவிடவில்லை, விரிவுரையாளர்தான் வரவில்லை.

பேராசிரியர் 65 வயதில் ஓய்வுபெறுவார் என்பது நியமனக் கடிதம் கொடுத்த அன்றே தெரிந்த சங்கதி. அப்படியான வெற்றிடங்களையாவது, ஆளணிக்குள் இருக்கும்வரை, பேரவையே முன்கூட்டி விளம்பரம் செய்து நிரப்ப விடுங்கள். தமிழ் மொழிமூலப் பதவிகளைத் தனியாகக் கணக்கெடுங்கள். துறையின் மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று சொல்லி, தமிழில் படிப்பிக்க ஒருவரும் இல்லாத துறைக்கு ‘வெற்றிடம் இல்லை’ என்று இனியும் பதில் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06