எதில் கை வைப்பது, எதை விட்டுவிடுவது

அன்புள்ள மகளுக்கு,

கூலி மிச்சமாகும் என்று வீடு கட்டும் வேலையில் பாதியை நீயும் மாப்பிள்ளையுமே செய்யப்போவதாகச் சொன்னாய். செய்யுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். எதில் கை வைப்பது என்பதில் மட்டும் அப்பாவுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

வேலை கஷ்டமா சுலபமா என்று பார்க்காதே. தப்பாகப் போனால் உடனே கண்ணில் படுமா, பட்டால் சரிசெய்ய முடியுமா என்று பார். பெயிண்ட் திட்டுத்திட்டாக வந்தால் உப்புத்தாளால் தேய்த்து இன்னொரு கோட் அடிக்கலாம். குளியலறைத் தரைக்கு அடியில் நீர்க்கசிவுத் தடுப்பு சரியில்லை என்றால், கீழே ஈரம் பூக்கும்போதுதான் தெரியும். அப்போது டைல்ஸை உடைக்காமல் ஒன்றும் நடக்காது. அதனால் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் மறைகிற எதையும் தொழில் தெரிந்தவரிடம் கொடு. கம்பி கட்டுவது, சென்டரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கிப் பிடிக்கிற பலகை அடைப்பு), கான்கிரீட் எல்லாம் யோசிக்கவே வேண்டாம். மின்சார வேலையும் அப்படித்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபி போடச் சொல். எர்த்தை அளந்து காட்டச் சொல்.

பூச்சு வேலையை மாப்பிள்ளை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாய். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே. கொத்தனார் கரண்டியால் வீசுகிற கலவை சுவரில் அப்படியே அப்பிக்கொள்ளும். நாம் வீசினால் பாதி காலடியில் விழும். அதை வழித்தெடுத்து மறுபடி அடிப்பதற்குள் கலவை இறுக ஆரம்பித்துவிடும். கடைசியில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் வயிறு தள்ளி நிற்கும். ஆசையாக இருந்தால் சாமான் அறையின் ஒரு சுவரில் அடித்துப் பார்க்கட்டும். கையுறை கட்டாயம், ஈரச் சிமெண்ட் தோலை அரித்துவிடும்.

நீங்களே செய்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு, அது கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது. கான்கிரீட் 28 நாளில் எட்டுகிற பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை முதல் 7 நாளிலேயே எட்டிவிடும். அந்த வாரம் காயவிட்டால் நல்ல சிமெண்ட் வாங்கியும் பிரயோஜனமில்லை. நாள் கூலிக்கு வருகிறவர் ஒரு தடவை ஊற்றிவிட்டுப் போய்விடுவார். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்குங்கள், தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள். சுவரைப் பூசி மூடும் முன் குழாயும் வயரும் ஓடுகிற இடத்தை, பக்கத்தில் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்து வை. நாளைக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் தேவைப்படும்.

ஆள் வைத்த பிறகு, உதவி செய்கிறேன் பேர்வழி என்று குறுக்கே நிற்காதீர்கள். அப்புறம், தப்பு யாருடையது என்று தகராறு வரும். பணத்தை வேலை முடிய முடியக் கொடு. குளியலறையில் டைல்ஸ் போடும் முன் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டே அந்தத் தவணையைத் தர வேண்டும்.

கூலிக் கணக்குப் போடும்போது நீங்கள் எடுக்கிற விடுப்பையும், வீணாகிற பொருளையும், கருவிகளுக்குக் கொடுக்கிற வாடகையையும் சேர்த்துப் போடு. மிச்சம் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பெயிண்டில் மட்டும் நிஜமாகவே மிச்சம் உண்டு.

அடுத்த வாரம் பிளம்பர் வருகிறார் என்றாயே, சுவரை மூடும் முன் குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதிப்பாரா என்று கேட்டு எழுது. பட்டி பார்க்கும் தகடு வாங்காதே, என்னிடம் இரண்டு இருக்கிறது. பெயிண்ட் அடிக்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா