ஒஃபிஸ் லப்டொப்பைத் திருப்பிக் கொடுக்க முதல்

தம்பிலுவில்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு மகளுக்கு,

வேலை மாறப்போகிறாய் என்று நீ சொன்னதும் அப்பா கேட்ட கேள்விகள் வேறு, எனக்கு வந்த யோசனை வேறு. சம்பளம் எவ்வளவு, போடிங் மாற வேண்டுமா, புது இடத்தில் ஆர் தலைமை என்பதெல்லாம் அவரே உன்னோடு கதைக்கட்டும். நான் எழுதுவது அந்த லப்டொப்பைப் பற்றி. மாதக் கடைசியில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாய். "அதுக்குள்ள என்ட சாமான் ஒண்டும் இல்லம்மா, புக்மார்க்தான் கொஞ்சம் கிடக்கு" என்றாய். போனில் விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் லைன் விட்டுவிட்டு வரும், நீயும் ஓம் ஓம் என்றுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், கடிதமாக. ஆறுதலாக வாசி, ஆனால் மாதக் கடைசிக்கு முதல் வாசி.

நீ சேர்த்த புக்மார்க்குகள், அதாவது திரும்பப் போகவென்று பிரவுசரில் குறித்து வைத்த பக்க முகவரிகள், எல்லாம் அவர்கள் தந்த ஈமெயில் கணக்கில்தான் இருக்கின்றன. குரோமுக்குள் அந்தக் கணக்கில் நுழைந்தாய், எல்லா மெஷினிலும் ஒரே பட்டியலை வைத்திருக்கிற சிங்க் வசதியைப் போட்டாய், மறுகா மேசைக் கொம்பியூட்டரிலும் உன் போனிலும் அதே பட்டியல் வந்தது. மூன்று இடத்தில் இருக்கிறது, போகாது என்று நீ நினைப்பாய். மூன்றும் ஒரே கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நீ வெளிக்கிட்ட பிறகு அங்குள்ள ஐ.டி.காரர் அந்தக் கணக்கை மூடுவார். அது அவருடைய வேலை, குறை சொல்ல ஏலாது. போனில் இருந்து அந்தக் கணக்கை நீக்கும்போது அதோடு வந்த புக்மார்க்குகளும் சேர்ந்து போகும். கம்பஸ் காலத்தில் நீ தேடித் தேடிச் சேர்த்த பாடக் குறிப்புகள், அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டவென்று நூலகம் என்ற இணையத்தளத்தில் பார்த்து வைத்த பழைய புத்தகங்கள், சமையல் பக்கங்கள், எல்லாம் அதற்குள்தானே கிடக்கின்றன.

இதை நான் பெரிதுபடுத்துகிறேன் என்று உனக்குப் படலாம். இந்தக் கொமினிகேஷன் கடையில் புக்மார்க்தான் எனக்குத் தராசும் படிக்கல்லும். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தால் பரீட்சைத் திணைக்களப் பக்கம், பல்கலைக்கழகம் போவதற்கான இசட் புள்ளி வந்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பப் பக்கம், வெளிநாடு போகிறவர்களுக்குக் குடிவரவுத் திணைக்களப் பக்கம், அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு முறையும் கூகுளில் தேடிக்கொண்டிருந்தால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தேடும்போது மேலே வருவது எல்லாம் உண்மையான பக்கம் இல்லை. அதே நிறம், அதே சின்னம், முகவரியில் மட்டும் ஓர் எழுத்து வித்தியாசம், உள்ளே போனால் வங்கி அட்டை இலக்கம் கேட்கும். ஒருமுறை சரிபார்த்து வைத்த புக்மார்க்கால் போனால் அந்த ஆபத்து குறைவு. உன் வங்கிப் பக்கத்துக்கும் இதே வழக்கத்தைப் பிடி.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒஃபிஸ் லப்டொப்பில் குரோமைத் திறந்து கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்து. புக்மார்க் மனேஜர் வரும். வலது பக்க மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும், அதற்குள் எக்ஸ்போர்ட். ஒரேயொரு ஃபைல் வரும், பெயரிலேயே அன்றைய திகதி இருக்கும். அதை உன் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பு. பென் டிரைவ் குத்த ஒஃபிஸில் விடுவார்களோ தெரியாது, கேட்காமல் குத்தாதே. இன்னொன்று: அவர்களின் வாடிக்கையாளர் பக்கங்கள், உள் வேலைக்கான இணைப்புகள் அவர்களுடையவை. அந்த ஃபோல்டர்களை உன் பக்கம் கொண்டுவராதே. வேலையை விட்டு வருகிறவர் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வர வேண்டும்.

அந்த ஃபைலை ஒருக்கால் நோட்பேடில் திறந்து பார், ஆசைக்கு. முதல் வரியிலேயே நெட்ஸ்கேப் என்று எழுதியிருக்கும். 1994 இல் வந்த அந்த பிரவுசரைக் கவனிப்பதை 2008 இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவர்கள் புக்மார்க்கை எழுதிவைத்த முறையில்தான் குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ், சபாரி எல்லாம் இன்றைக்கும் எழுதித் தருகின்றன. அதனால்தான் ஒன்றில் எடுத்ததை மற்றதில் போட முடிகிறது. ஒவ்வோர் இணைப்புக்குப் பக்கத்திலும் ஒரு நீண்ட இலக்கம் இருக்கும். அது 1970 ஜனவரி 1 இலிருந்து எண்ணிய செக்கன்கள், அதாவது நீ அதைச் சேமித்த நேரம். தமிழ்ப் பக்கங்களின் முகவரிகளைப் பார்த்துப் பயப்படாதே. ஒரு தமிழ் எழுத்துக் குறி மூன்று துண்டாகி, ஒவ்வொன்றும் வீதக் குறியோடு எழுதப்பட்டு, மொத்தம் ஒன்பது குறியாகக் கிடக்கும். "அம்மா" என்று எழுதினால் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, நாற்பத்தைந்தாக நீளும். ஃபைல் பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதே. பெயரை மட்டும் நீயே தமிழில் மாற்றி வை, பிறகு தேடச் சுகம்.

மறுகா உன் சொந்த லப்டொப். உன் ஜிமெயிலில் ஒரு புரொஃபைல் திறந்து சிங்கைப் போடு. அதே புக்மார்க் மனேஜரில் இம்போர்ட் கொடுத்து அந்த ஃபைலைக் காட்டு. ஏற்கெனவே அங்கு வேறு புக்மார்க் இருந்தால், வந்தவை தனி ஃபோல்டராக ஒதுங்கி நிற்கும். ஒழுங்குபடுத்துவதை அங்கேயே முடி. இதை ஒரு மெஷினில் மட்டும் செய். இஞ்சைப் போட்டது போனுக்குத் தானாக வரும். பொறுமையில்லாமல் இன்னொரு கொம்பியூட்டரிலும் அதே ஃபைலை இம்போர்ட் பண்ணினால் சிங்க் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும், ஒவ்வொன்றும் இரட்டையாகும். ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க இரவிரவாக இருக்க வேண்டிவரும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். சிங்கை நம்பி இருக்காதே. அது வாய்க்கால், குளம் இல்லை. சாகாமக் குளத்துத் தண்ணீர் வருகிற வழியால் வயலுக்குப் பயிர் தின்னுகிற வருத்தமும் வரும். வீட்டு லப்டொப்பில் உன் தம்பி "இது ஆருக்கு" என்று ஒரு ஃபோல்டரை அழித்தான் என்று வை, நான் கடையைத் திறந்து மெஷினைப் போட்டதும் அங்கும் அது போய்விடும். சிங்க் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். அப்படி நடந்தது தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது: இன்னும் திறக்காத கொம்பியூட்டர் ஒன்று இருந்தால் அதன் இன்டர்நெட்டை முதலில் கழற்றிவிட்டுத் திற. பழைய பட்டியல் அதில் அப்படியே இருக்கும். எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்துவிட்டுப் பிறகு இணைப்பைக் கொடு. பயர்பொக்ஸ் என்றால் தானாகவே சில நாள் பிரதிகளைத் தன் ஃபோல்டருக்குள் வைத்திருக்கும், திகதியைத் தெரிந்து மீட்கலாம். அப்படி மீட்டால் இப்போது இருப்பது அழிந்து பழையது வந்து உட்காரும், அதையும் யோசித்துச் செய். குரோமிலும் ஒரு பழைய பிரதி கிடக்கும், ஆனால் அதை நம்பி வாழ ஏலாது. மாதத்துக்கு ஒருக்கால் எக்ஸ்போர்ட் பண்ணி வை, அவ்வளவுதான்.

கணக்கு ஆருடையது என்பதிலும் கவனம் வேண்டும். போன வருஷம் கடைக்கு ஓர் ஏ.எல். பொடியன் வந்தான், திருக்கோவில் பக்கம். ஈமெயிலில் வந்த கடிதத்தைப் பிரின்ட் எடுக்க வேண்டும் என்றான். நான் போட்டோக்கொப்பி மெஷினில் தாள் சிக்கி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவன் மற்ற மெஷினில் உட்கார்ந்து ஜிமெயிலைத் திறக்க, குரோம் எதையோ கேட்டது, அவனும் வாசிக்காமல் ஓம் ஓம் என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறான். பிரின்டை எடுத்தான், காசைத் தந்தான், போய்விட்டான். அடுத்த நாள் காலையில் மேல் பட்டையைப் பார்த்தால் கிரிக்கெட் ஸ்கோர், மோட்டார் சைக்கிள் விலை, பாட்டு இறக்குகிற பக்கம் எல்லாம் என் ஃபோல்டர்களுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. பின்னேரம் அவனே ஓடி வந்தான்: "அன்ரி, என்ட போனில ஓய்வூதியம், ஆட்பதிவு எண்டெல்லாம் வந்து கிடக்கு." சிரித்துவிட்டேன். ஆனால் அவனுடைய பாஸ்வேர்ட்களும் அதே வழியால் என் மெஷினுக்கு வந்திருக்கும் என்று சொன்னதும் பொடியனின் முகம் மாறிவிட்டது. அவன் முன்னாலேயே அந்தக் கணக்கை நீக்கி, இறங்கியதை அழித்துக் காட்டினேன். அன்றிலிருந்து வருகிறவர்களுக்கு கெஸ்ட் ஜன்னல்தான். மூடினால் ஒன்றும் மிஞ்சாது. கொழும்பில் நீயும் சிநேகிதிகளின் மெஷினில் ஏதும் பார்க்க வேண்டி வந்தால் அப்படியே செய்.

வீட்டு லப்டொப்பில் நான் பயர்பொக்ஸும் பாவிப்பது உனக்குத் தெரியும். 2007 கடைசியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2011 இல் பயர்பொக்ஸ் 4 உடன் சிங்கை உள்ளேயே வைத்தார்கள். அதில் ஒரு குணம்: பட்டியலை உன் மெஷினிலேயே உன் பாஸ்வேர்டால் பூட்டித்தான் மேலே அனுப்பும், பயர்பொக்ஸைச் செய்கிற மொசில்லாக்காரராலேயே வாசிக்க முடியாது. அதற்கு விலை, பாஸ்வேர்டை மறந்து மாற்றினால் மேலே இருந்தது போய்விடும், மீட்புத் திறப்பு ஒன்றை முன்னரே எடுத்து வைத்திருந்தாலே தவிர. உன் மெஷினில் இருப்பது போகாது. குரோமும் பயர்பொக்ஸும் தங்களுக்குள் கதைக்காதவை. இரண்டையும் இணைக்க வேண்டுமென்றால் ஃப்ளொக்கஸ் என்று பிரவுசரோடு சேர்க்கிற இலவச நீட்சி ஒன்று உண்டு, கூகுள் டிரைவ் வழியாகவும் வேலை செய்யும். உனக்கு அது தேவைப்படாது.

முந்தி இந்த வேலைக்கு எக்ஸ்மார்க்ஸ் என்ற ஒன்று இருந்தது. எந்த பிரவுசருக்கும் நடுவில் நின்று கொண்டுபோய்க் கொடுக்கும். 2018 மே 1 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டார்கள். புக்மார்க் சேர்த்து வைக்கிற டெலிஷியஸ் என்ற தளம் 2003 இல் வந்து, யாகூவிடம் போய், கைமாறிக் கைமாறி 2017 இல் புதிதாகச் சேர்க்க முடியாத பழம்பெட்டியாகிவிட்டது. கூகுளே தனியாக நடத்திய புக்மார்க் சேவையை 2021 செப்டெம்பரில் மூடியது. பிறகு வாசிக்கலாம் என்று பலர் குவித்து வைத்த பொக்கெட் 2025 ஜூலை 8 ஆம் திகதி மூடியது. ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்தார்கள்தான். கையில் ஃபைல் இருந்தவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை.

இன்னும் ஒன்று. புக்மார்க்கில் இருப்பது முகவரிதான், பக்கம் அதற்குள் இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024 இல் சொன்னது, 2013 இல் இருந்த பக்கங்களில் 38 வீதம் பத்து வருஷத்தில் திறக்காமல் போய்விட்டன என்று. அதனால் மிக வேண்டியதை பி.டி.எஃப். ஆக இறக்கி வை. இல்லாவிட்டால் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துச் சேமி, அங்கு ஒரு பிரதி நிற்கும். அம்மம்மாவின் புத்தகங்கள் நூலகம் தளத்தில் பி.டி.எஃப். ஆகவே இருக்கின்றன, 2005 இலிருந்து சேர்க்கிறார்கள். அவற்றை இறக்கி அந்த ஃபைலோடேயே வை. கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு நீ வரும்போது அவவுக்கு வாசித்துக் காட்டலாம், இப்போது கண் முன்னைப்போல இல்லை.

தயிர்ச் சட்டி ஒன்று கட்டி வைத்திருக்கிறேன், கொழும்பு பஸ்ஸில் அறிந்த டிரைவர் வருகிறபோது அனுப்புவேன். ஃபைலை உனக்கு அனுப்பினதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, கடை மெஷினிலும் பென் டிரைவிலும் போட்டு வைக்கிறேன். எட்டு மணிக்குக் கடை பூட்டுவேன். அதற்குப் பிறகு அனுப்பினால் காலையில்தான் பார்ப்பேன், அதற்காக இரவில் மூன்று தரம் போன் எடுக்காதே.

அன்புடன்,
அம்மா