கால் அளவு அனுப்பு

பைன்டவுன், டர்பன் அருகில், தென்னாப்பிரிக்கா
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று மாதமாகப் போனில் "நல்லா இருக்கேன்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் நான் பேசவில்லை என்று காய்ச்சி எடுத்திருக்கிறாள். போனில் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றுவேன், அதற்குள் லைன் போய்விடும். ஊருக்குத் திரும்பும் வர்ணக்கார அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கோபுர வேலை இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டது. இங்கே ஆனி மாதம்தான் குளிர்காலம். காலையில் சிமெண்டுக் கலவையில் கை வைத்தால், துவாரபாலகருக்கு விரல் பிடிப்பதற்குள் என் விரல் மரத்துப்போகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. பன்னி சௌ என்று ஒன்று விற்கிறார்கள் (பன்றி இல்லை, பயப்படாதே). ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறிக்குழம்பை ஊற்றித் தருவார்கள். நான் பீன்ஸ் ஊற்றியதுதான் வாங்குவேன், வயிற்றுக்கு நல்லது. வேலைக்கு இப்போது நடந்தே போகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதுவும் உடம்புக்கு நல்லதுதான்.

பக்கத்து வீட்டு அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது அறுபத்தொன்று. தமிழ் என்றால் தாத்தா, ஆயா, ரசம் என்று ஒரு கைப்பிடிச் சொல்தான் தெரியும். இந்த மாதம் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஓடினார். பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து (காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அந்த ஊர்) டர்பன் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போய், பாதி வழி திரும்பியும் வருகிற தூரம்! பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதற்குப் பணம் வேறு கட்டுகிறார்கள், அம்மா. முதல் உலகப் போரில் ஆப்பிரிக்காவில் நடையாய் நடந்து மீண்ட கிளாஃபம் என்ற சிப்பாய், செத்த தோழர்கள் நினைவாக 1921-இல் ஆரம்பித்தாராம். அன்று 34 பேர் ஓடி 16 பேர்தான் முடித்தார்கள். சிலை வைத்திருந்தால் எங்களைப் போன்றவர்களுக்காவது வேலை கிடைத்திருக்கும்.

ஆன்ட்டி கூப்பிட்டதால் நானும் ரோட்டோரம் நின்று தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்தேன். மேஜையில் உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கும் வைத்திருந்தோம். எங்கள் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொடையை உடைக்குமாம். உன் வயதில் ஒரு அம்மாள் நொண்டிக்கொண்டே வந்து, என் கையிலிருந்து பாக்கெட்டை வாங்கி, பல்லால் கடித்துப் பாதத்தில் ஊற்றிக்கொண்டார். நத்தம் தாண்டிப் புளியமரத்தடியில் உன் கொப்புளத்தில் நான் நல்லெண்ணெய் தடவியது ஞாபகம் இருக்கிறதா? மோர்ப் பந்தலில் உனக்காக இரண்டாவது டம்ளர் கேட்க வெட்கப்பட்டேனே, அந்த வருஷம். அப்புறம் கொஞ்ச நேரம் யாருக்கும் பாக்கெட் கொடுக்கவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் அவர்கள் வீட்டில் டிவி பார்த்தோம். நேரம் முடிந்ததும் ஒருவர், ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுகிறார். முகத்தைப் பார்த்தால் மனசு வராது போல. அங்கிள் நாலு நிமிஷம் தாமதம். பதக்கம் இல்லை. "பல்பு மாற்றச் சொன்னால் மட்டும் இவருக்கு முதுகு வலிக்கும்" என்று ஆன்ட்டி சொல்லிக்கொண்டே வெந்நீர் வைத்தார்.

மறுநாள் படியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். ஏன் அங்கிள் இந்தப் பாடு என்று கேட்டேன். அவருடைய முப்பாட்டன் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கரும்பு வெட்டச் சென்னையில் கப்பல் ஏறியவராம். "அவர் பட்டது அடுத்தவன் கொடுத்தது. இது நானே கேட்டு வாங்கியது. வேண்டாம் என்றால் எந்த நிமிஷமும் ரோட்டோரம் உட்காரலாம். உட்காரவில்லை, அதில்தான் ருசி" என்றார். எனக்கும் இரண்டு வருஷ ஒப்பந்தம்தான் அங்கிள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சரி, வீட்டு விஷயம். இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளிப் போகும். கணக்கு ஏதோ சரிபார்க்கிறார்களாம், கவலைப்படாதே. வளையலை மீட்கிற பேச்சை ஆவணி வரைக்கும் மாமாவிடம் எடுக்காதே. வட்டியை மட்டும் சீட்டுப் பணத்திலிருந்து கட்டச் சொல். செல்வியைப் பார்க்க வருகிற சிவகங்கைக்காரர்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்று அத்தை மூலம் பக்குவமாக விசாரி.

தைப்பூசத்துக்கு மறுபடி நடக்கப்போகிறாயாமே, சர்க்கரைக் காலோடு! போகாதே என்று முன்பு போலக் கத்த எனக்கு இப்போது வாய் வரவில்லை. ஆனால் குன்றக்குடியிலிருந்து வேண்டாம். திண்டுக்கல் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நட. செருப்புதானே போடக்கூடாது? அங்கிள் ஓடும்போது போடுகிற தடிச் சாக்ஸ் கொப்புளம் வராமல் காக்குமாம். ஒரு காகிதத்தில் நின்று, செல்வியைப் பென்சிலால் இரண்டு காலையும் சுற்றி வரையச் சொல்லி அனுப்பு. இடது கால் கொஞ்சம் வீங்கியிருந்தால் அதையும் அப்படியே வரையட்டும்.

உன் மகன்